நாற்பத்தொரு பூட்டு

உம்கேனி சாலையில் சிவப்பு விழுந்தது.
சிக்னலை ரோபாட் என்போம் நாங்கள்.
கண்ணாடி உடைந்த சத்தம் முதலில்.
மடியிலிருந்த போன் போனது
பச்சை விழுந்த பிறகுதான் தெரிந்தது.

மூன்று நாள் நான் நானில்லை.
நான்தானா என்று சோதிக்க
வங்கி ஒரு எண் அனுப்பியது,
திருடன் கையிலிருந்த போனுக்கு.
மின்னஞ்சல் கேட்டது:
உன் முதல் நாயின் பெயர் என்ன?
எனக்கு நாயே இருந்ததில்லை.
அன்று என்ன பொய் சொன்னேனோ.

நான்காம் நாள் பூபாலன் எக்செல் திறந்தான்.
கடவுச்சொல் பெட்டகங்கள், மூன்று.
ஒன்று இலவசம், லேப்டாப்பை விட்டு நகராது.
எக்ஸ்ரே அறையில் இரவு இரண்டு மணிக்கு
சம்பளச் சீட்டைத் திறக்க
நான் ஓவர்போர்ட்டுக்கு வண்டி ஓட்டி வர வேண்டும்.
அடுத்தது இரண்டு கருவி வரை சும்மா,
மூன்றாவதற்குக் கை நீட்டும்.
கடைசியானது எங்கும் வரும்.
ஓரிடத்தில் மாற்றினால்
எல்லா இடத்திலும் மாறும்.
மாதம் எழுபது ரேண்ட், ஆறு பேருக்கு.

நாம் இரண்டு பேர்தானே?
பெர்த்திலிருக்கும் நிர்வாஷினியோடு மூன்று.
மீதி மூன்று இடம்?
சாப்பாட்டு மேசையில் காலி நாற்காலி இல்லையா
என்றான்.
வாங்கினோம்.

எட்டு மணிக்கு மின்வெட்டு. அதற்குள் முடிக்க வேண்டும்.
பழையவற்றை உள்ளே இழுத்தோம்.
அறுபத்திரண்டு வரி ஓடி நின்றது.
மேலே சிவப்பில்:
நாற்பத்தொன்றில் ஒரே சொல்.
கண் படத்தை அழுத்தியது பூபாலன்தான்.

தவநேசன்88.

வங்கி தவநேசன். தண்ணீர் தவநேசன்.
மருத்துவக் காப்பீடு,
கோயில் நன்கொடை,
எங்கள் கல்யாண நாளுக்குக் கேக் சொல்லும் கடை,
எல்லாம் தவநேசன்.

டெக்னிகானில் படித்தவன் என்றேன்.
பன்னி சௌ வாங்கினால்
குழம்பில் ஊறிய ரொட்டி மூடியை
என் பக்கம் தள்ளிவிடுவான்.
வேறொன்றுமில்லை.
முதல் கணக்கு திறந்த அன்று
எட்டு எழுத்தாவது வேண்டும் என்றது.
கைக்கு வந்தது இதுதான்.
பிறகு இது பெயரில்லை, விரலின் பழக்கம்.
டீ எங்கே, ஹெச் எங்கே என்று விரலுக்குத் தெரியும்.
முகம் எனக்கே மறந்துவிட்டது.

(இதில் எவ்வளவு உண்மை என்று
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.)

பூபாலன் திரையை நெருங்கிப் பார்த்தான்.
"வலிமை: மிகக் குறைவு
என்று காட்டுகிறது" என்றான்.

விளக்கு போனது.

ரவுட்டர் மட்டும் சின்ன பேட்டரியில் கண் சிமிட்ட
இருட்டில் உட்கார்ந்து மாற்றினோம்.
அவன் தளத்தின் பெயரை வாசிக்க
நான் அழுத்தினேன்.
இருபது எழுத்து.
யாருக்கும் பிறக்காதது, யாரும் வாயால் கூப்பிட முடியாதது.
லேப்டாப்பில் அழிக்க
சமையல் மேடையில் புதுப் போன் ஒருமுறை அதிரும்.
அங்கேயும் அவன் போய்விட்டான்.
இருபத்தேழாவதில் பூபாலன் கேட்டான்,
"உயிரோடு இருக்கிறானா?"
தெரியாது.
"சரி. அடுத்தது பல் டாக்டர்."

தலைச்சாவியை மட்டும் நாமேதான் உண்டாக்க வேண்டும்.
மறந்தால் நிறுவனத்துக்கே தெரியாது,
அழுது பயனில்லை.
ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொல் போதுமாம்.
ஒன்று தமிழ். ஒன்று ஜூலு.
மற்ற இரண்டும்
பூபாலன் தூக்கத்தில் உளறுபவை.
அவனுக்கே தெரியாது என்பதால் நல்ல சொற்கள்.
காகிதத்தில் எழுதி உறையிலிட்டு
ஃப்ரீசரில் பட்டாணிக்கு அடியில் வைத்தேன்.

நாற்பது மாறின.
நகராட்சித் தண்ணீர்க் கணக்கு மட்டும்
பராமரிப்பில் உள்ளது, பிறகு வாருங்கள் என்றது.
பிறகு வந்தேன்.
அதன் பிறகும் வந்தேன்.
பழையதை ஏற்கிறது, புதியதைத்தான் மறுக்கிறது.

மாதம் ஒருமுறை
பெட்டகமே கட்டத்தை நிரப்புகிறது,
பன்னிரண்டு கறுப்புப் புள்ளி.
எந்த எழுத்தென்று திரையில் தெரிவதில்லை.
"தண்ணிக்குக் கட்டிட்டியா?" என்கிறான்
பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.
கட்டிட்டேன்.